நார்மண்டித் தரையிறக்கத்தில் கனடாவின் கப்பல்கள் என்ன வேலை செய்தன?

1944 ஜூன் 6 அன்று, ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்சின் மேல் நேச நாடுகள் படையெடுத்தபோது, கனடா ராணுவம் அங்கே நார்மண்டிக் கடற்கரையில் ஜூனோ என்று பெயரிட்ட கரையில் இறங்கியதைப் பள்ளிப் பாடத்தில் படித்ததாகவும், அன்று கனடாக் கடற்படையின் 110 கப்பல்களும் போயின என்று எங்கோ பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கப்பல்கள் என்ன செய்தன, கனடா வீரர்களைக் கனடாக் கப்பல்கள்தான் கரை சேர்த்தனவா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஏறத்தாழ ஏழாயிரம் கப்பல்களும் படகுகளும் போன இடத்தில் நூற்றுச் சொச்சம் கப்பல்கள் ஒரு கணக்கா, இல்லை பெயருக்குச் சேர்ந்தவையா என்பதுதான் அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் போர்க்கப்பலில் வேலை பார்த்தவன் இல்லை. சரக்குக் கப்பல்களில் டெக் ஆபீசராக இருபது வருடத்துக்கு மேல் ஓடியவன். ஆங்கிலக் கால்வாயைப் பலமுறை கடந்திருக்கிறேன், நார்மண்டியின் லே ஹாவ்ர் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பில் ஆரம்பித்ததுதான் இந்த வரலாற்றின் மேல் வந்த ஈடுபாடு. அதனால் கடல், ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது), நீரோட்டம், கப்பல் ஓட்டம் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். தரையில் நடந்த சண்டையின் நுணுக்கங்களுக்கு ராணுவ வரலாறு படித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம். 110 கப்பல்கள், சுமார் 10,000 மாலுமிகள் என்பதுதான் கனடாவில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சில புத்தகங்களில் கப்பல் எண்ணிக்கை 120-ஐத் தாண்டும். யாரும் பொய் சொல்லவில்லை, எதை எண்ணுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஒரு பெரிய கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் சிறு தரையிறங்கு படகுகளைத் தனித்தனியாக எண்ணுவதா, அன்று காலை கரைக்கு முன்னால் நின்றவற்றை மட்டும் எண்ணுவதா, கால்வாயின் மேற்கு வாயிலில் நீர்மூழ்கிகளைத் தடுத்துக்கொண்டிருந்தவற்றையும் சேர்ப்பதா என்று எண்ணுகிற முறைக்கு ஏற்பக் கணக்கு மாறும். இது போக, பிரிட்டிஷ் கப்பல்களில் தனித்தனியாக வேலை பார்த்த கனடா மாலுமிகளும் இருந்தார்கள். அவர்கள் எந்தக் கப்பல் கணக்கிலும் வரமாட்டார்கள்.

‘போர் முடிந்தபோது கனடாவின் கடற்படை உலகிலேயே மூன்றாவது பெரியது’ என்று ஒரு வாக்கியம் அடிக்கடி வரும். அதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சொல்லலாம். ஆனால் அந்த நேரத்துக்குள் உலகின் மற்றப் பெரிய கடற்படைகள் பல அழிந்திருந்தன. கனடாவிடம் இருந்ததோ பெரும்பாலும் கார்வெட், ஃபிரிகேட் என்ற காவல் கப்பல்கள், கண்ணி (கடலில் போட்ட வெடி) வாரும் கப்பல் போன்ற சிறியவை, போர்த்தளக் கப்பல் ஒன்றுகூடக் கிடையாது. என்னைக் கேட்டால், 1939-இல் ஆறே ஆறு நாசகாரிக் கப்பல்களோடு போரில் இறங்கிய நாடு ஐந்தே வருடத்தில் இவ்வளவு பேரைக் கடலோடிகளாக ஆக்கியதுதான் பெரிய விஷயம். வந்தவர்களில் பலர் நடுக் கனடாவின் கோதுமை வயல்களில் வளர்ந்தவர்கள், சேரும்வரை கடலையே பார்த்திராதவர்கள்.

சரி, இப்போது அந்த இரவுக்கு வருவோம். கனடாக் கப்பல்கள் கனடா வீரர்களைக் கனடாவுக்கு ஒதுக்கிய கரைக்குக் கொண்டுபோயின என்ற படம் பலர் மனதில் இருக்கிறது. அது பாதிக்கும் குறைவான உண்மை. ஜூனோ கரைக்குப் போன கப்பற்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் பிரிட்டிஷ் கடற்படையின் கொமடோர் ஆலிவர். அங்கே சுட்ட பெரிய பீரங்கிகள் பெல்ஃபாஸ்ட், டயடம் என்ற பிரிட்டிஷ் குரூசர்களுடையவை. கனடாவின் மிக ஆபத்தான வேலையோ ஜூனோவிலிருந்து தள்ளி, அமெரிக்கர்கள் இறங்கப்போகும் ஓமஹா கரைக்கு முன்னால் நடந்தது. கண்ணி வாருவதுதான் அந்த வேலை.

கால்வாயின் நடுவே ஜெர்மானியர்கள் கடல் கண்ணிகளை வரிசை வரிசையாக விதைத்திருந்தார்கள். அதில் பத்துப் பாதைகளை அறுத்துத் திறந்தால்தான் பின்னால் வரும் படை கரையைப் பார்க்க முடியும். தரையிறங்கும் ஐந்து கரைகளுக்கும் ஆளுக்கு இரண்டு பாதை. கனடாவின் பேங்கர் வகைக் கண்ணி வாரும் கப்பல்கள் 16 இந்த வேலைக்கு வந்தன. பாதிக்கு மேல் 31-ஆவது கண்ணி வாரும் அணியில் இருந்தன, மீதி பிரிட்டிஷ் அணிகளோடு சேர்ந்துகொண்டன. 31-ஆவது அணியின் முன்னோடிக் கப்பல் காரக்கெட், தலைவர் கமாண்டர் ஸ்டோர்ஸ். அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் எண் பாதை, ஓமஹாவுக்குப் போவது. இந்தக் கப்பல்கள் அதுவரை அட்லாண்டிக்கில் கான்வாய்க் காவலுக்குத்தான், அதாவது கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களின் காவலுக்குத்தான், ஓடிக்கொண்டிருந்தன. கண்ணி வாரும் கருவிகளைக் கழற்றி வைத்தே வெகுநாளாகியிருந்தது. 1944-இன் தொடக்கத்தில்தான் பிரிட்டன் வந்து, கருவிகளை மறுபடி பூட்டி, சில மாதங்களில் தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் அதன் கஷ்டம் புரியும். கப்பலின் பின்பக்கத்திலிருந்து நீளமான எஃகுக் கம்பி ஒன்றைக் கடலில் விடுவார்கள். அதன் முனையில் மீன் மாதிரி ஒரு மிதவை. கூடவே ஒரு பலகை, தண்ணீரின் விசையால் கம்பியைப் பக்கவாட்டில் விலக்கி இழுத்துப் பிடிக்கும். கப்பலுக்கு அருகே இன்னொரு பலகை கம்பியை ஆழத்தில் அமுக்கி வைக்கும். கம்பி நெடுக வெட்டும் கத்திகள். கடலடியில் எடைக்கல்லோடு கட்டி, தண்ணீருக்குள் மிதக்கவிட்ட கண்ணியின் சங்கிலி இந்தக் கம்பியில் மாட்டினால் வெட்டுப்படும், கண்ணி மேலே வந்து மிதக்கும். பகலாயிருந்தால் துப்பாக்கியால் சுட்டு வெடிக்க வைப்பார்கள். கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப் போகும். முன்னால் போகிற கப்பலின் கம்பி அறுத்துவிட்ட தண்ணீரில்தான் பின்னால் வருவது போக வேண்டும். ஒரு கப்பல் இருபது முப்பது மீட்டர் விலகினாலும் அது வாராத தண்ணீர். திறந்த பாதையின் ஓரத்தில், நம் ஊர் மீனவர்கள் வலைக்கு அடையாளம் போடுகிற போயா மாதிரி, கம்பு நட்ட மிதவைகளில் விளக்கேற்றி விட்டுக்கொண்டே போனார்கள்.

இதில் எனக்குத் தொழில்முறையில் வியப்பான இடம் ஓதம். கால்வாயின் நீரோட்டம் ஏற்றத்தின்போது ஒரு பக்கமும் வற்றத்தின்போது எதிர்ப்பக்கமும் பலமாக இழுக்கும். நான் காத்திருந்த லே ஹாவ்ர் பக்கம் பெரிய ஓதத்தில் நீர்மட்டம் ஆறேழு மீட்டர்கூட ஏறி இறங்கும், நங்கூரத்தில் நிற்கும் கப்பல் மூக்கைத் திருப்பிக்கொண்டு எதிர்த்திசை பார்க்கும். படையின் நேரக்கணக்குப்படி, கண்ணி வாரும் கப்பல்கள் நடுக்கடலில் இருக்கும்போதே நீரோட்டம் திரும்பியாக வேண்டும். திரும்பினால் ஒரு பக்கம் விட்ட கம்பியை இழுத்து ஏற்றி மறுபக்கம் விட வேண்டும். அதை இருட்டில், விளக்கில்லாமல், ரேடியோவில் ஒரு வார்த்தை பேசாமல், பின்னால் ஆயிரக்கணக்கான கப்பல்கள் நெருங்கி வந்துகொண்டிருக்கையில் செய்தார்கள். கம்பியைக் கையாளும் கைகளுக்குக் குளிரில் உணர்வே இருக்காது. ஈரக் கம்பி ஒன்று தெறித்தால் ஆள் போச்சு. கையாளும் நேரத்தில் கப்பல் வேகம் குறையும், குறைந்தால் நீரோட்டம் கப்பலைப் பாதையை விட்டுத் தள்ளும்.

நள்ளிரவு தாண்டி, கரைக்குச் சில கிலோமீட்டர் தூரம் வரை போய் வாரினார்கள். கரையிலிருந்து ஒரு குண்டுகூட வரவில்லை. கனடாக் கப்பல்கள் அனைத்தும் தப்பின. அமெரிக்கக் கண்ணி வாரும் கப்பலான ஆஸ்ப்ரே ஜூன் 5 மாலையே கண்ணியில் மோதி மூழ்கிப்போயிருந்தது. என்ன நடந்திருக்கக்கூடும் என்பதற்கு அது ஒன்றே போதும். மறுநாள் காலை ஓமஹாவில் அமெரிக்கர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கரை வரை வந்த பாதைகளில் ஒன்றைக் கனடாக்காரர்கள் அறுத்துத் திறந்தார்கள் என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் பலருக்குத் தெரியாது. எனக்கு அது மனதை உறுத்துகிற விஷயம்.

இப்போது ஜூனோ. கனடாவின் இரண்டு நாசகாரிகள் அங்கே நின்றன, அல்கான்குவினும் சூவும். இரண்டும் பிரிட்டனில் கட்டிய வி வகைக் கப்பல்கள், கனடாவுக்குக் கைமாறிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆளுக்கு நான்கு பீரங்கிகள், 4.7 அங்குலம். கடற்கரை வீடுகளிலும் மணல்மேடுகளிலும் ஒளிந்திருந்த அரண்களைச் சுடுவது காலை வேலை. கொஞ்சம் நேரம் கழித்து, உள்ளே போன படைக்கு எதிரே ஜெர்மன் 88 மில்லிமீட்டர் பீரங்கிகள் வழிமறித்தபோது, கரையில் ராணுவத்தோடு இருந்து குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லும் பார்வையாளர் ரேடியோவில் உதவி கேட்டார். கப்பலில் இருப்பவர்களுக்கு இலக்கு கண்ணில் படாது, நடுவில் வீடும் மரமும். அவர் ‘இன்னும் தள்ளி, கொஞ்சம் இடது’ என்று சொல்லச் சொல்ல அல்கான்குவின் சுட்டு, அந்தப் பீரங்கிகளை அடக்கியது. கப்பலின் கேப்டன் டெஸ்மண்ட் பியர்ஸ்.

ஆனால் பீரங்கிச் சூட்டின் பலனைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். கடலிலிருந்து சுட்டதிலும் வானிலிருந்து குண்டு போட்டதிலும் ஜூனோவின் கான்கிரீட் அரண்கள் பெரும்பாலும் உடையவில்லை. உள்ளே இருந்தவர்களைத் தலை தூக்க விடாமல் வைத்தது, படகுகள் நெருங்குவதற்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். முதலில் இறங்கிய காலாட்படை ஒவ்வொரு அரணாகக் கைக்குண்டோடு போய்த்தான் பிடித்தது. ஆனாலும் 1942 ஆகஸ்டில் பிரான்சின் டியெப் கரையில் பெரிய பீரங்கித் துணையில்லாமல் சுமார் 5,000 கனடா வீரர்களை இறக்கி, 900-க்கும் மேற்பட்டவர்களைச் சாகக் கொடுத்ததை நினைத்தால், ‘அவ்வளவுதான்’ என்று நான் சொன்ன அந்தக் கொஞ்ச நேரத்தின் விலை தெரியும்.

வீரர்களைக் கொண்டுபோன கப்பல்களில் பிரின்ஸ் ஹென்றியும் பிரின்ஸ் டேவிட்டும் கனடாவுடையவை. 1930-இல் கட்டிய பயணிக் கப்பல்கள். போர் வந்ததும் பீரங்கி பூட்டினார்கள், பிறகு தரையிறங்கும் படகுகளைத் தொங்கவிட்டுப் படை ஏற்றும் கப்பல்களாக மாற்றினார்கள். பிரின்ஸ் ஹென்றியில் கனடியன் ஸ்காட்டிஷ் படையினர் போனார்கள். பிரின்ஸ் டேவிட்டில் போனவர்கள் பெரும்பாலும் கியூபெக்கைச் சேர்ந்த ஷோதியேர் ரெஜிமெண்ட், பிரெஞ்சு பேசுகிறவர்கள். ஜூனோ கரையோரத்துப் பெர்னியேர் ஊர்க்காரர்கள், கடலிலிருந்து ஏறி வந்த சிப்பாய்கள் தங்கள் மொழியிலேயே பேசியதைக் கேட்டுத் திகைத்துப்போனார்கள்.

இந்தச் சிறு படகுகளின் நிலைமையை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கரைக்கு முன்னால் பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றின் மேல் தண்ணீர் ஏறும்வரை காத்திருந்ததாலும் கடல் கொந்தளித்ததாலும் ஜூனோவில் இறங்கும் நேரம் மற்றக் கரைகளைவிடத் தாமதமானது, ஏறத்தாழ காலை 7:45 முதல் 8 மணிக்குள். அதற்குள் ஏற்றம் வந்து, கரையில் நட்டிருந்த இரும்பு, மரத் தடைகளைப் பாதி மூடிவிட்டது. அவற்றின் நுனியில் கண்ணிகள் கட்டியிருந்தார்கள். படகை ஓட்டுகிறவனுக்குக் கலங்கிய அலையும் அதில் ஆங்காங்கே ஒரு கம்பின் தலையும்தான் தெரியும். உள்ளே போகும்போது வீரர்களின் எடையில் படகு ஓரளவு நிலையாகப் போகும். அவர்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அலை அதைத் தூக்கிப் பக்கவாட்டில் தடைகளின் மேல் எறியும். பிரின்ஸ் டேவிட் அனுப்பிய படகுகளில் பெரும்பாலானவை கப்பலுக்குத் திரும்பவில்லை. ஜூனோவில் அன்று ஓடிய 306 தரையிறங்கு படகுகளில் 90 அழிந்தன அல்லது சேதமாயின என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இவை தவிர, அமெரிக்காவில் கட்டிய பெரிய தரையிறங்கு படகுகளைக் கொண்ட மூன்று கனடா அணிகள், 260, 262, 264, தொடர் படையைக் கொண்டுபோயின. அவற்றை நேராகக் கரையில் ஏற்றி, இரண்டு பக்கமும் ஏணிப்பாலம் இறக்கி ஆட்களை விடுவார்கள். தடையில் கிழிந்த அடிப்பாகத்தோடு பல படகுகள் அடுத்த ஏற்றம் வரை மணலிலேயே கிடந்தன.

கரைக்கு அப்பால் நடந்ததையும் சேர்க்காவிட்டால் பதில் முழுதாகாது. இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து ஓடிய டிரைபல் வகை நாசகாரிகளில் கனடாவுடையவையும் இருந்தன. ஜெர்மன் நாசகாரிகள் மேற்கிலிருந்து வந்து படையைத் தாக்காமல் தடுப்பது அவற்றின் பொறுப்பு. ஏப்ரல் 29 அன்றே அவற்றில் ஒன்றான அதபாஸ்கன் மூழ்கி 128 பேர் இறந்தார்கள், 83 பேர் கைதானார்கள். ஜூன் 9 அதிகாலை பிரிட்டனி முனைக்கு அப்பால் நடந்த சண்டையில், ஹாரி டிவுல்ஃப் தலைமையிலான ஹைடாவும் ஹியூரானும், இரண்டும் கனடா நாசகாரிகள், இசட்-32 என்ற ஜெர்மன் நாசகாரியைத் துரத்திப் பாறையில் ஏற வைத்தன. அதற்குப் பிறகு ஜெர்மனியின் பெரிய மேற்பரப்புக் கப்பல்கள் அந்தப் பக்கத்திலிருந்து படைக்குத் தொல்லை தரவில்லை. கிழக்கே, லே ஹாவ்ர் பக்கம், கனடாவின் 29-ஆவது மோட்டார் டார்பிடோ படகு அணி இரவிரவாகக் காவல் நின்றது. அவர்கள் படகுகளிலிருந்து டார்பிடோக்களை எடுத்துவிட்டு, நீர்மூழ்கிகளைத் தாக்கும் ஆழ்கடல் குண்டுகளைப் பொருத்தச் சொல்லியிருந்தார்கள். டார்பிடோவே இல்லாத டார்பிடோ படகில் போய் எதிரிக் கப்பலை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் அவர்கள்.

நீர்மூழ்கி வேட்டையில் கனடாவுக்கு நல்ல பெயர். ஜூலை 7 அன்று ஒட்டாவா, கூட்டனே என்ற இரண்டு கனடா நாசகாரிகளும் பிரிட்டிஷ் கார்வெட் ஒன்றும் சேர்ந்து யு-678 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தன. ஆனால் கால்வாயில் அது லேசான வேலையில்லை. ஆழம் குறைவு, அடியில் பழைய சிதைந்த கப்பல்கள் ஏராளம். சோனார் எதிரொலி வந்தால் அது நீர்மூழ்கியா பழைய இரும்பா என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். இழப்பும் வந்தது. ஆகஸ்ட் 8 அன்று கார்ன்வால் கரைக்கு அப்பால், அடிபட்ட ஓர் அமெரிக்கச் சரக்குக் கப்பலுக்கு உதவ நின்றபோது ரெஜினா என்ற கார்வெட் டார்பிடோவில் மூழ்கியது, 30 பேர் இறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அல்பெர்னி என்ற இன்னொரு கார்வெட். அடிபட்டு ஒரு நிமிடத்துக்குள் அது மூழ்கிவிட்டது, 59 பேர் போனார்கள். சரக்குக் கப்பலில் இருந்தவன் என்பதால் ரெஜினாவின் கதை எனக்கு வேறு மாதிரி வலிக்கிறது.

நூற்றுச் சொச்சம் கப்பல் ஒரு கணக்கா என்ற இடத்துக்கு வருகிறேன். ஏழாயிரத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை சதவீதம்தான். அதை மட்டும் வைத்துக் கனடா இல்லாமல் நார்மண்டி நடந்திருக்காது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1944-க்குள் வட அட்லாண்டிக்கின் கான்வாய்க் காவலில் பெரும்பங்கைக் கனடா தன் தோளில் ஏற்றுக்கொண்டது. அப்படி விடுபட்ட பிரிட்டிஷ் காவல் கப்பல்கள்தான் கால்வாய்க்கு வர முடிந்தது. அந்த ஜூலையில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரே கான்வாயில் 160-க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள், போர் முழுக்கவும் அதுதான் மிகப் பெரியது. காவலுக்கு வந்தவை கனடாவின் ஒரு ஃபிரிகேட்டும் சில கார்வெட்டுகளும். ஒரு கப்பல்கூட இழக்காமல் பிரிட்டன் சேர்ந்தது. நார்மண்டியில் இறங்கியவர்களுக்குப் பெட்ரோலும் குண்டும் ரொட்டியும் அப்படித்தான் வந்தன. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இந்தக் கான்வாயில்தான் இருக்கிறது.

டொரோண்டோவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஹாமில்டனில் ஹைடா கப்பலையே பார்க்கலாம். உலகில் கட்டிய 27 டிரைபல் வகைக் கப்பல்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பீரங்கியோடு நிறுத்திவிடாதீர்கள், முன்பக்கம் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். மாலுமிகள் சாப்பிட்டதும் தூங்கியதும் ஒரே அறையில். கூரையில் தூளி மாட்டும் கொக்கிகள் இருக்கின்றன. நான் போனபோது ஒரு கொக்கிக்கும் அடுத்ததுக்கும் நடுவே என் கையை வைத்துப் பார்த்தேன், முழங்கையைக்கூட நீட்ட இடமில்லை.